பயிற்சிப் பதிவேடும் விபத்துப் பதிவேடும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும்: ஒரு பிரஸ் ஷாப்புக்கான பதில்

கேள்வி இது: உலோகத் தகடுகளைப் பிரஸ் இயந்திரங்களில் அழுத்தி வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் நிரந்தரத் தொழிலாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களுமாகச் சுமார் 300 பேர் வேலை செய்கிறார்கள். பாதுகாப்புப் பயிற்சி விவரங்கள் எக்ஸெல்லிலும், விபத்து விவரங்கள் ஒரு நோட்டிலும் இருக்கின்றன. கணக்கு, கொள்முதல், உற்பத்தி ஆகியவற்றுக்கு ஏற்கெனவே ஈ.ஆர்.பி. மென்பொருள் ஓடுகிறது. பயிற்சியையும் விபத்துப் பதிவையும் அதிலேயே கொண்டுவரலாமா, அல்லது பாதுகாப்புக்கென்று தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?

உங்கள் அளவுள்ள தொழிற்சாலைக்கு இருக்கிற ஈ.ஆர்.பி.யே போதும் என்பது என் கருத்து. போதும் என்பதைவிட, அதுவே மேல் என்றும் சொல்வேன். தனி மென்பொருளில் படிவங்கள் அழகாக இருக்கும்; வரைபடங்கள் நிறைய வரும். ஆனால் இயந்திரங்களின் பட்டியல், அவற்றின் பராமரிப்பு வரலாறு, அன்றாட வருகைப்பதிவு, ஒப்பந்தக்காரரின் பில் ஆகிய நான்கும் ஈ.ஆர்.பி.யில்தான் இருக்கின்றன. ஒரு விபத்தைப் புரிந்துகொள்வதற்கும், பயிற்சி இல்லாத ஒருவரை இயந்திரத்தில் நிற்க விடாமல் தடுப்பதற்கும் தேவைப்படுபவை அந்த நான்கும்தான். ஆகவே எந்த மென்பொருள் என்பதைவிட, பயிற்சிப் பதிவும் விபத்துப் பதிவும் ஒரே இயந்திரப் பட்டியலையும் ஒரே வேலைப் பட்டியலையும் அடிப்படையாகக் கொண்டிருக்கின்றனவா என்பதே நீங்கள் பார்க்க வேண்டியது. அந்த இணைப்பு இல்லாவிட்டால், நோட்டில் இருந்த அதே குறை கணினித் திரைக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

பயிற்சியிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான தொழிற்சாலைகளில் பயிற்சிப் பதிவேடு என்பது வகுப்புகளின் பட்டியலாகவே இருக்கிறது: தீயணைப்புப் பயிற்சி, முதலுதவிப் பயிற்சி, பொதுப் பாதுகாப்பு வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் பட்டியல், குழுப் புகைப்படம். தணிக்கைக்கு வருபவர் கேட்டால் காட்ட அது உதவும்; ஆனால் இன்று இரவு ஷிஃப்டில் 63 டன் பிரஸ்ஸில் டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மாற்றத் தகுதியுள்ளவர் யார் என்று கேட்டால் அதில் பதில் கிடைக்காது. எனவே வகுப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் வேலைகளைப் பட்டியலிடுங்கள். பிரஸ் இயக்குதல், டை பொருத்துதல், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுப் பழுதுபார்த்தல், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுதல், கிரேனில் சங்கிலி கட்டுதல், வெல்டிங், உயரத்தில் வேலை, தொட்டிக்குள் இறங்குதல் என்று உங்கள் ஷாப்பில் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய வேலைகள் இருபது முப்பதைத் தாண்டாது. ஒவ்வொரு வேலைக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை யார் சோதித்துச் சான்றளிக்கலாம், அந்தச் சான்று எத்தனை மாதம் செல்லும் என்பதை நிர்ணயித்த பிறகுதான் ஆட்களின் பெயர்களைச் சேர்க்க வேண்டும்.

இஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறமூல மென்பொருளில் பயிற்சித் திட்டம், பயிற்சி நிகழ்வு, பயிற்சி முடிவு, ஊழியரின் திறன் வரைபடம் ஆகியவற்றுக்கான படிவங்கள் அதோடு இணையும் ஃபிராப்பே ஹெச்.ஆர். என்ற மனிதவளச் செயலியில் ஆயத்தமாகவே வருகின்றன. சோஹோ கிரியேட்டர் போன்ற தளங்களில் இதே அமைப்பை நீங்களே கட்டிக்கொள்ளலாம். எதில் செய்தாலும், சான்று காலாவதியாக ஒரு மாதம் இருக்கும்போது சூப்பர்வைசருக்கு நினைவூட்டல் போக வேண்டும்; காலாவதியான பிறகு அந்த ஆளின் பெயரை அந்த வேலைக்கு ஒதுக்க முடியாதபடி மென்பொருள் மறுக்க வேண்டும். இந்த மறுப்பைச் செயல்படுத்தாமல் வெறும் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று உற்பத்திப் பிரிவிலிருந்து அழுத்தம் வரும். இரவு ஷிஃப்டில் ஆள் இல்லை, அவசர ஆர்டர் இருக்கிறது, இந்த ஒரு நாள் மட்டும் என்பார்கள். விலக்கு அளிப்பதற்கும் ஒரு வழி வைக்கலாம். ஆனால் அந்த விலக்கை ஆலை மேலாளர் தன் பெயரில், காரணத்தோடு, அந்த ஒரு ஷிஃப்டுக்கு மட்டுமே அளிக்க முடியும் என்றும், அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் அது தானாகவே பட்டியலில் வரும் என்றும் அமைத்துவிட வேண்டும். யார் எப்போது விலக்கு அளித்தார் என்பது எழுத்தில் நிற்கும் என்று தெரிந்தாலே பாதி அவசரங்கள் அடங்கிவிடும்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷயத்தில் இந்தக் கட்டுப்பாடு கேட்டிலேயே தொடங்க வேண்டும். வாகன உதிரிபாகத் தொழிலில் நேரும் காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்துவரும் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பின் ஆண்டறிக்கைகளைப் படித்தால் இரண்டு விஷயங்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். விரல்களை இழப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அது நேர்வது பவர் பிரஸ்ஸில். காயம்பட்டவர்களில் பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கிடைத்திருக்கிறது. அந்த அறிக்கைகள் பெரும்பாலும் ஹரியானாவின் குருகிராம், மானேசர் வட்டாரத்தைப் பற்றியவை என்றாலும், இரண்டாவது விஷயத்தை எந்த ஊர் ஆலையிலும் மென்பொருளால் தடுக்க முடியும். இ.எஸ்.ஐ. எண்ணும் அறிமுகப் பயிற்சி முடித்த தேதியும் இல்லாமல் கேட் பாஸ் அச்சாகாது என்பது எந்த ஈ.ஆர்.பி.யிலும் ஒரே நாளில் எழுதிவிடக்கூடிய விதி. ஒப்பந்தக்காரரின் பில்லையும் அதோடு இணைத்துவிட்டால், அவரே ஓடிவந்து பதிவு செய்துவிடுவார்.

பயிற்சியின் தரத்தை மென்பொருளால் அளக்க முடியுமா என்றால், ஓரளவுக்குத்தான். வீடியோவைப் பார்த்து முடித்து, பத்துக் கேள்விகளுக்குச் சரியான விடையைத் தொட்டால் பச்சை நிறம் விழும் முறையை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நேர்ந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேர் காயமடைந்தார்கள். அதைப் புலனாய்ந்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம், ஆலையின் மையப் பயிற்சித் துறையில் 28 ஆக இருந்த ஆட்கள் 8 ஆகக் குறைக்கப்பட்டிருந்ததையும், அசாதாரண நிலைமைகளைக் கையாண்டு பழகுவதற்கான சிமுலேட்டர்கள் இல்லாமலிருந்ததையும் காரணங்களில் சேர்த்துச் சுட்டிக்காட்டியது. உங்கள் ஷாப்பில் சிமுலேட்டருக்கு அவசியமில்லை. ஆனால் டை பொருத்தும் தகுதி ஒருவருக்கு வழங்கப்படுவதற்கு முன், அனுபவமுள்ள டை செட்டர் அவரை நேரில் நிறுத்தி, முழு வேலையையும் செய்யவைத்துப் பார்த்து, கைப்பேசியில் ஒவ்வொரு படியையும் குறித்துச் சான்றளிக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்தது வேறு பதிவு, செய்துகாட்டியது வேறு பதிவு. மென்பொருளில் இரண்டும் தனித்தனிப் புலங்களாக இருப்பது அவசியம்.

மொழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் பிரஸ்களில் நிற்கும் ஷாப்பில், பயிற்சிப் படிவம் ஆங்கிலத்திலும் வகுப்பு தமிழிலும் நடந்தால், அங்கே வாங்கப்படும் கையெழுத்துக்குப் பொருளில்லை. ஆளின் பதிவில் அவர் பேசும் மொழி என்று ஒரு புலம் சேர்த்து, வகுப்பு எந்த மொழியில் நடந்தது என்பதையும் பதிந்து, இரண்டும் பொருந்தாவிட்டால் அந்தப் பயிற்சி கணக்கில் ஏறாது என்று வைத்துவிடுங்கள்.

அடுத்து விபத்துப் பதிவு. இதில்தான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன. மென்பொருளால் முடியாமல் அல்ல, பதிவதற்கு ஆள் வராததால். நோட்டில் இப்போது உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் ரத்தம் வந்த நிகழ்வுகளாகத்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியதோ ரத்தம் வராமல் தப்பியவை. ஒரு பிரஸ் ஷாப்பில் அப்படித் தப்பும் நிகழ்வு எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஆபரேட்டர் பெடலை ஒருமுறை மிதிக்கிறார். ஸ்லைடு, அதாவது மேலிருந்து இறங்கி அழுத்தும் பகுதி, ஒருமுறை இறங்கி ஏறியதும் நிற்காமல் மறுபடியும் இறங்குகிறது. கை வெளியில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. இரட்டை அடி என்று சொல்லப்படும் இது, ஸ்லைடை இயக்கத்தோடு இணைத்தும் பிரித்தும் விடும் கிளட்ச்சின் கீ (பிணைக்கும் துண்டு) தேய்ந்தோ, ஸ்பிரிங் தளர்ந்தோ, பிரேக் பிடிப்புக் குறைந்தோ இருப்பதன் அறிகுறி. அடுத்த முறை கை உள்ளே இருக்கலாம். இதைச் சொல்ல வேண்டிய ஆபரேட்டர் என்ன நினைப்பார்? சொன்னால் இயந்திரம் நிற்கும், பீஸ் எண்ணிக்கை குறையும், சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், ஒழுங்காக மிதித்தாயா என்று தன்னையே கேட்பார்கள். பெரும்பாலும் அவர் சொல்லமாட்டார்.

எனவே பதிவு செய்வதை உங்களால் இயன்றவரை எளிதாக்குங்கள். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு க்யூஆர் குறியீட்டை ஒட்டுங்கள். அதைக் கைப்பேசியில் காட்டினால் இயந்திரத்தின் எண் ஏற்கெனவே நிரப்பப்பட்ட படிவம் திறக்க வேண்டும். கடவுச்சொல் கேட்கக் கூடாது. என்ன நடந்தது என்பதைத் தன் மொழியில் குரலாகப் பதிவிடலாம். ஒரு படம் எடுத்துச் சேர்க்கலாம். பெயர் தருவதும் தராததும் அவர் விருப்பம். இவ்வளவு போதும். விபத்தின் வகை, தீவிரம், உடலின் பாகம், மூலகாரணம் என்று இருபது புலங்களை ஆபரேட்டரின் தலையில் கட்டாதீர்கள். அவற்றைப் பாதுகாப்பு அலுவலர் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். கைப்பேசி அனுமதியில்லாத ஷாப்பாக இருந்தால், சூப்பர்வைசரின் மேசையில் அல்லாமல், உணவுக்கூடத்திலோ முதலுதவி அறையிலோ ஒரு டேப்லெட் வைக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி மாலைக்குள் நூறு வாழ்த்துப் படங்களுக்கு அடியில் போய்விடும். யார் பொறுப்பு, முடிந்ததா இல்லையா என்பதும் அதில் நிற்காது.

பெயர் சொல்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்கு விமானத்துறை நல்ல முன்னுதாரணம். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் தவறுகளையும் நூலிழையில் தப்பியவற்றையும் தெரிவிக்கும் முறையை நாசா நடத்திவருகிறது. அபராதம் விதிக்கும் அதிகாரமுள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதை நேரடியாக நடத்துவதில்லை என்பது அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. அறிக்கையிலிருந்து அடையாள விவரங்கள் நீக்கப்படுகின்றன. வேண்டுமென்றே செய்யாத மீறலை 10 நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு அபராதமும் உரிம இடைநிறுத்தமும் பெரும்பாலும் விலக்கப்படுகின்றன. உங்கள் ஆலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: தெரிவித்தவரின் பெயரைப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரால் மட்டுமே பார்க்க முடியும்படி அனுமதிகளை அமையுங்கள். சம்பளமும் ஒழுங்கு நடவடிக்கையும் பார்க்கும் மனிதவளப் பிரிவுக்கு அந்தப் புலம் தெரியவே கூடாது. காயம்பட்டவரின் மருத்துவ விவரங்களுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும்.

இனி அந்த இரட்டை அடிப் பதிவு மென்பொருளுக்குள் வந்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம். முதலாவதாக, அந்தப் பிரஸ்ஸின் நிலை 'நிறுத்தம்' என்று மாறி, அதன் மேல் உற்பத்தி ஆணை போட முடியாமல் போக வேண்டும். ஈ.ஆர்.பி.யோடு இணைக்கப்படாத தனிப் பாதுகாப்பு மென்பொருளால் இதைச் செய்ய இயலாது, ஈ.ஆர்.பி.யால் இயலும். இரண்டாவதாக, அந்த இயந்திரத்தின் பராமரிப்பு வரலாறு அதே பக்கத்தில் தெரிய வேண்டும்: கீ கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, பிரேக் லைனிங் எப்போது பார்க்கப்பட்டது, இதே புகார் இதற்கு முன் வந்திருக்கிறதா. மூன்றாவதாக, அன்று அதில் நின்றவரின் தகுதியும், டை பொருத்தியவரின் தகுதியும் தானாகவே வந்து நிற்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டால், பாதுகாப்பு அலுவலர் மூன்று பிரிவுகளுக்கு நடந்து மூன்று நோட்டுகளைத் தேட வேண்டிய வேலை மிச்சமாகும். அவருடைய நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் செலவாகும்.

இயந்திரப் பட்டியலைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு பிரஸ்ஸின் கிளட்ச் வகையையும் ஒரு புலமாகச் சேர்க்கும்படி குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். கீ கிளட்ச் உள்ள பழைய பிரஸ்களில், ஒருமுறை இறங்கத் தொடங்கிய ஸ்லைடை நடுவில் நிறுத்த முடியாது. அதனால் அவற்றில் லைட் கர்ட்டன் (கை குறுக்கிட்டால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளிக்கதிர்த் திரை) மாட்டிவிட்டுப் பாதுகாப்பு ஆயிற்று என்று எழுதுவது ஏமாற்று. கை நுழைய முடியாத நிலையான காப்போ, காப்பு மூடினால்தான் கிளட்ச் விழும் இணைப்போ வேண்டும். கிளட்ச் வகை பதிவாகியிருந்தால், தவறான தீர்வை யாராவது எழுதி விபத்துப் பதிவை மூட முயலும்போது அது கண்ணில் படும்.

மூடுவது என்று சொன்னேன். பதிவு செய்வது எவ்வளவு எளிதாக இருக்க வேண்டுமோ, பதிவை மூடுவது அவ்வளவு கடினமாக இருக்க வேண்டும். பல நிறுவனங்களில் இது தலைகீழாக இருக்கிறது. காரணம் என்ற பட்டியலில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஒரு வரி இருக்கும், நடவடிக்கை என்ற இடத்தில் 'மறுபயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதுவார்கள், பதிவு முடிந்துவிடும், கீ தேய்ந்தபடியே இருக்கும். கவனக்குறைவு என்ற அந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மறுபயிற்சியை மட்டுமே நடவடிக்கையாகக் காட்டி எந்தப் பதிவையும் மூட முடியாது என்று விதி எழுதுங்கள். ஆபத்தை நீக்கியதா, இயந்திரத்தில் காப்பு வந்ததா, வேலைமுறை மாறியதா, கையுறை போன்ற தற்காப்பு மட்டும்தானா என்று நடவடிக்கையை வகைப்படுத்தச் சொல்லுங்கள். கடைசி வகை மட்டும் இருந்தால் ஆலை மேலாளரின் ஒப்புதல் கேட்கட்டும். பொறுப்பாளர் முடித்ததாகக் குறித்தாலும், ஒரு மாதம் கழித்து வேறொருவர் நேரில் போய்ப் பார்த்துப் படத்தோடு உறுதிசெய்த பிறகே பதிவு உண்மையில் மூடப்பட வேண்டும். தெரிவித்தவருக்கு என்ன செய்யப்பட்டது என்ற பதிலும் போக வேண்டும். சொன்னது நடந்தது என்று ஒரு ஆபரேட்டர் கண்ணால் கண்டால், அடுத்த பதிவுகள் தாமாக வரும்.

பயிற்சிப் பதிவுக்கும் விபத்துப் பதிவுக்கும் உள்ள இணைப்பு இங்கேதான் பயன்தரும். ஒரு வேலையில் தகுதிச் சான்று பெற்றவர்களுக்கே அடுத்தடுத்துச் சம்பவங்கள் நேர்ந்தால், குறை பயிற்சியிலோ இயந்திரத்திலோ இருக்கிறது, ஆளிடம் அல்ல. சான்று இல்லாதவர்களுக்கு நேர்ந்தால், அவர்களை அங்கே நிறுத்தியது யார் என்ற கேள்வி எழும். வேலைவாரியாக இந்த ஒரு அறிக்கையை மாதந்தோறும் பாதுகாப்புக் குழு பார்த்தால், மற்ற பத்து வரைபடங்கள் தேவையில்லை.

எண்ணிக்கைகளில் ஒரு பொறியும் இருக்கிறது. விபத்து இல்லாத நாள்களை எண்ணிப் பலகையில் எழுதி, அதற்குப் பரிசோ ஊக்கத்தொகையோ வைத்தால், விபத்து குறையும் முன் பதிவு குறைந்துவிடும். டெக்சாஸ் சிட்டி ஆலையை ஆராய்ந்து 2007 ஜனவரியில் வெளியான, ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான தனிக் குழுவின் அறிக்கை, தனிநபர் காய விகிதத்தை வைத்தே ஆலையின் பாதுகாப்பை மதிப்பிட்டது தவறான நம்பிக்கையைத் தந்தது என்று கூறியது. வெடித்த அந்தப் பகுதியில் முந்தைய 5 ஆண்டுகளில் நடந்த 19 தொடக்கங்களில் (நிறுத்தியிருந்த பகுதியை மீண்டும் இயக்கியவை) பெரும்பாலானவற்றில் திரவ மட்டமோ அழுத்தமோ அளவு மீறியிருந்தும் அவை சம்பவங்களாகப் புலனாயப்படவில்லை. உங்கள் மென்பொருளின் முதல் ஆண்டில் பதிவுகளின் எண்ணிக்கை ஏறினால், நிர்வாகம் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். அளக்க வேண்டியவை என்று நான் பரிந்துரைப்பது, பதிவிலிருந்து உறுதிசெய்யப்பட்ட தீர்வு வரை ஆன நாள்களையும், கெடு தாண்டிய நடவடிக்கைகளையும், விலக்கு அளித்து ஓட்டிய ஷிஃப்டுகளையும்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். 1948 தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளர்களுக்குத் தகவலும் அறிவுறுத்தலும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவதைத் தொழிற்சாலையை நடத்தும் பொறுப்பாளரின் (occupier) கடமையாக்கியது. போபால் பேரழிவுக்குப் பிறகு 1987 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு அது. மரணமோ, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர இயலாத காயமோ நேர்ந்தால் அறிவிக்க வேண்டும் என்பதும், காயமே இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட அபாய நிகழ்வுகளை அறிவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. 13 சட்டங்களை உள்ளடக்கிய அதிலும் இந்த அறிவிப்புக் கடமைகள் தொடர்கின்றன. பாதுகாப்பு அலுவலர் தேவைப்படும் வரம்பு, தொழிற்சாலைகளுக்கு 1,000 தொழிலாளர்களிலிருந்து 500 ஆகவும், அபாயகரமான செயல்முறை உள்ளவற்றில் 250 ஆகவும் வந்துள்ளது. அரசுப் படிவங்கள் மாறும் காலம் இது. ஆகவே அரசுப் படிவத்தின் கட்டங்களையே மென்பொருளின் புலங்களாக அமைக்காமல், உண்மை விவரங்களை உங்கள் போக்கில் சேமித்து, படிவத்தைத் தனி அச்சு வார்ப்புருவாக வையுங்கள். படிவம் மாறினால் வார்ப்புருவை மட்டும் மாற்றினால் போதும். காயம் பதிவான நிமிடத்திலிருந்து 48 மணி நேரத்துக்கான கடிகாரம் ஓடி, காயம்பட்டவர் வேலைக்குத் திரும்பினாரா என்பதை வருகைப்பதிவிலிருந்தே பார்த்து, திரும்பாவிட்டால் பொறுப்பாளருக்குச் செய்தி போகட்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அனுப்புவது வேறு, இ.எஸ்.ஐ. கழகத்துக்கான விபத்து அறிக்கை வேறு. இரண்டையும் இரண்டு வேலைகளாக, இரண்டு பொறுப்பாளர்களோடு வையுங்கள்.

பதிவைப் பின்னர் யாராவது திருத்தினால், பழைய வாசகமும் திருத்தியவர் பெயரும் நேரமும் அழியாமல் நிற்க வேண்டும். நல்ல ஈ.ஆர்.பி.களில் இந்த வசதி இருக்கும். ஆனால் விபத்துப் படிவத்துக்கு அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே ஒரு பதிவைத் திருத்திப் பாருங்கள். பல ஆலைகளும், ரசாயனக் கிடங்குகளும், ஆயிரக்கணக்கான ஆட்களும் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு எஸ்ஏபி போன்ற பெரிய ஈ.ஆர்.பி.களின் தனிப் பாதுகாப்புத் தொகுதிகள் பொருந்தும். உங்களுக்கு அவற்றின் விலையும் சுமையும் தேவையில்லை.

ஆலை முழுவதற்கும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். ஒரு பிரஸ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள இயந்திரங்களையும், அவற்றில் செய்யப்படும் வேலைகளையும், அவற்றில் நிற்பவர்களின் உண்மையான தகுதிகளையும் முதலில் ஏற்றுங்கள். எக்ஸெல்லில் இருக்கும் பழைய வகுப்புப் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்யாமல், ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொல்லிப் புதிதாகச் சான்றளியுங்கள். மெயின்டெனன்ஸ் பிரிவின் தலைவரைத் தொடக்கத்திலேயே உடன் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வரும் பதிவுகளில் பெரும்பங்கு அவர் மேசைக்குத்தான் போகும். உதிரிபாகங்கள் வாங்க அவருக்குத் தனி ஒதுக்கீடு இல்லாவிட்டால் பதிவுகள் தேங்கும், தேங்கினால் சொல்வது நின்றுவிடும். அந்த ஒதுக்கீட்டுக்கான ஒப்புதலை வாங்கிய பிறகு க்யூஆர் குறியீடுகளை ஒட்டுங்கள்.